தூரக்கண்ணாடி கொண்டுபோன கதை

என் வாழ்நாளில் நான் ஒரேயொரு மியூசியத்துக்குத்தான் போயிருக்கிறேன். அதுவும், அது மியூசியம் என்று தெரியாமல் போனேன்.

தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. (நான் விடவில்லை. அதுதான் விட்டது.) மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில், ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக்கடையில் பதினொரு வருசம் கோப்பை கழுவினேன். முதலாளி பெயர் யோர்கோ. முதலாளி என்றாலும் என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரிப்பார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அர்த்தம் அவருக்குத் தெரியும்.

எனக்கும் மனுசி வசந்திக்கும் கனடா பாஸ்போட் கிடைத்த வருசம். ஜெர்மனியில் தங்கச்சி வீட்டில் கலியாணம். மூன்று கிழமை லீவு கேட்டேன். யோர்கோ வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அங்கயிருந்து கிரீஸ் கிட்ட. என்ர தீவுக்கு ஒருக்காப் போயிட்டு வா, சிவா. அம்மாட்ட ஒரு சாமான் குடுக்கவேணும்." (அவர் கதைத்தது பாதி இங்கிலீஷ், பாதி பிரெஞ்சு. என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.)

சாமான், ஒரு பித்தளைத் தூரக்கண்ணாடி. கப்பலில் நிற்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது. அவருடைய பூட்டன் வைத்திருந்தது. யோர்கோ பத்தொன்பது வயதில் கனடாவுக்கு வரும்போது, தாய்க்குச் சொல்லாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து தாய் ரெலிபோனில் சுகம் விசாரிப்பதில்லை. அதைத்தான் விசாரிப்பாராம்.

"நீங்களே கொண்டுபோய்க் குடுக்கலாமே, அண்ணை?"

"அடிப்பா." அவருக்கு அப்போது ஐம்பது வயது.

"தபாலில போட்டால்?"

"துலைஞ்சுபோகும். நீ துலைக்கமாட்டாய்."

பதினொரு வருசத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அந்தத் தூரக்கண்ணாடியை நான் ஜெர்மனியில் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். கலியாண வீட்டிலும் மடியிலேயே வைத்திருந்தேன். படங்களில் இருக்கிறது.

வழி சொல்லியிருந்தார். "துறைமுகத்தில இறங்கி மேல ஏறு. கல்வீடு. நீலக் கதவு. வாசலில கறுப்புச் சட்டையோட ஒரு வயசுபோன மனுசி இருப்பா. அவதான்."

அந்தத் தீவில் எல்லாம் கல்வீடு. பாதிக் கதவு நீலம். வயதுபோனவர்கள் எல்லாரும் கறுப்புச் சட்டை. இது எனக்குப் பின்னேரம்தான் விளங்கியது. (தீவின் பெயர் வேண்டாம். அங்கே என்னை இன்னும் தெரியும்.)

படி ஏறினோம். கார் போகாத தீவு. வசந்தி மூன்று இடத்தில் குந்திவிட்டாள். நான் நிலத்தைப் பார்த்து ஏறுகிற ஆள். நிமிர்ந்தபோது உச்சியில் ஒரு மூன்று மாடி வீடு. நீலக் கதவு. வாசலில் சின்ன மேசை. பின்னால் கறுப்புச் சட்டை அம்மா. எங்களைக் கண்டதும் கையை நீட்டினார்.

அவர் கேட்டது நுழைவு ரிக்கற். நான் துணியில் சுற்றியிருந்த தூரக்கண்ணாடியை வைத்தேன்.

"யோர்கோ. மொன்றியல்," என்றேன். எனக்கு வேறு கிரேக்கமும் தெரியும். ஆனால் அது குசினிக் கிரேக்கம், அடுப்படியில் ஏசப் பழகினது. ஒரு தாய்க்கு முன்னால் சொல்ல முடியாது.

அந்த அம்மா துணியை அவிழ்த்தார். பார்த்தார். வாயைப் பொத்தினார். கண் கலங்கிவிட்டது. உள்ளேயிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு தாள் தந்தார். ஒப்பம் வைத்தேன். பெயர் கேட்டார். சொன்னேன். பிறகு இரண்டு பேரும் எங்களை உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம்.

அப்படி ஒரு வீட்டை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்கு நிலம், காலுக்குக் குளிர். கூரையின் உட்பக்கம் முழுக்கப் பலகை. பலகை முழுக்கப் பூ வரைந்திருந்தது. எந்த யன்னலில் நின்றாலும் கடல். குசினியில் செப்புப் பாத்திரங்கள், பெரிதிலிருந்து சின்னன்வரை வரிசையாகத் தொங்கின. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் கரி இல்லை. அது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

"இஞ்சாருங்கோ," என்றாள் வசந்தி. "இவ்வளவு வீட்டை விட்டிட்டு அந்த மனுசன் ஏன் பனிக்குள்ள வந்து வெங்காயம் உரிக்குது?"

"பெரிய மனுசன்," என்றேன். நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. இனி அவருக்கு முன்னால் நாரி நோகுது, குனிய ஏலாது என்று சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் ஒரு மட்டை.

"இதென்ன, எல்லாத்துக்கும் பேர் எழுதிக் கிடக்கு?"

"வயசுபோனால் மறதி தானே. பாவம்," என்றாள்.

அங்குமிங்கும் ஆட்கள் நடந்தார்கள். சொந்தக்காரர் என்று நினைத்து எல்லாருக்கும் கும்பிட்டோம். இரண்டு பேர் திருப்பிக் கும்பிட்டார்கள். ஒருவர் எங்களைப் படம் எடுத்தார்.

மேல் மாடியில் சிவப்புக் கதிரைகள். குறுக்கே கயிறு. பேரப்பிள்ளைகள் ஏறாமல் கட்டியிருக்கிறார்கள் என்று வசந்தி சொன்னாள். கயிற்றைக் கழற்றினாள். கதிரையில் குந்தினோம். வந்த வீட்டில் கோப்பி குடிக்காமல் போனால் தாய் மனம் நோவார் என்று காத்திருந்தோம். அரை மணித்தியாலம். ஒரு கூட்டம் வந்து எங்களைப் பார்த்தது. மட்டையைப் பார்த்தது. திரும்ப எங்களைப் பார்த்தது.

பிறகு காவலாளி ஓடி வந்தார். அவர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியது. குசினிக் கிரேக்கம்.

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

"அந்த அம்மா நல்லவ," என்றாள் வசந்தி. "வேலைக்காரர்தான் சரியில்லை."

துறைமுகத்தில் ரெலிபோன் காட் வாங்கி மொன்றியலுக்கு எடுத்தேன்.

"குடுத்திட்டன், அண்ணை. அம்மா அழுதிட்டா. வீடெண்டால் வீடு! மூண்டு மாடி!"

அந்தப் பக்கம் கத்தியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எத்தினை மாடி?"

"மூண்டு."

"சிவா, என்ர வீடு ரெண்டு அறை. அம்மா காலமையிலயிருந்து வாசலில பார்த்துக்கொண்டிருக்கிறா. நீ போனது கப்பல் முதலாளியின்ர வீடு. அது மியூசியம்."

ரெலிபோனை வைத்துவிட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

படியெல்லாம் ஓடினேன். தூரக்கண்ணாடி ஏற்கெனவே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கண்ணாடி போட்டவர் சிரித்த முகத்தோடு நான் ஒப்பம் வைத்த தாளைக் காட்டினார். நன்கொடைத் தாள். திருப்பி எடுக்கக் கமிட்டி கூடவேண்டுமாம். கமிட்டி மாரியில்தான் கூடுமாம். பெட்டிக்குள் ஒரு மட்டை: அன்பளிப்பு, சிவலிங்கம், மொன்றியல்.

நாலு வீடு தள்ளிக் கீழே யோர்கோவின் வீடு. ஏறும்போது கடந்து போயிருக்கிறோம். தாய் வாசலில் நின்றார். கையில் பொல்லு. யோர்கோ சொல்லிவிட்டார் என்று பார்த்ததும் தெரிந்தது. தலையைக் குனிந்தேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

அடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். எண்பது வயது. ஒரு இடத்திலும் குந்தவில்லை. மேல் மாடியில், பெட்டிக்கு முன்னால், நெடுநேரம் நின்றார். திடீரென்று சிரித்தார். என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார். (அடி விழாது என்று நினைத்தது பிழை.) பிறகு தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், ரெலிபோனில் மகனோடு கத்திக் கதைத்துவிட்டு, என்னிடம் தந்தார்.

"பூட்டன் அந்த முதலாளியின்ர கப்பலில சுக்கான் பிடிச்சவர்," என்றார் யோர்கோ. "முப்பது வருசம். ஒருநாளும் அந்த வீட்டுக் குசினி வாசலுக்கு அங்கால விடேல்லையாம். இப்ப அவரின்ர சாமான் மேல் மாடியில கிடக்கு. அங்கயே கிடக்கட்டுமாம்."

"அப்ப மட்டையில என்ர பேர், அண்ணை?"

"அதுவும் கிடக்கட்டுமாம். நான் எடுத்தது திருட்டாம். நீ குடுத்தது நன்கொடையாம்."

அடுத்த கோடையில் அவரே பயமில்லாமல் தாயிடம் போய்வந்தார். நான் இப்போது கோப்பை கழுவுவதில்லை. சாப்பாடு கொண்டுபோய் மேசையில் வைக்கிறேன். வீட்டில் ஒரு சாவி காணாமல் போனாலும் எங்கள் மகள் கமிட்டிக்கு எழுதச் சொல்லுவாள். கடையில் யோர்கோ, ஒவ்வொரு தட்டையும் என் கையில் தரும்போது, கடையில் இருக்கிற ஆட்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுவார்:

"சிவா, இது ஏழாம் மேசைக்கு. மியூசியத்துக்கு இல்லை."