எக்கெஹார்டின் ரத்தம் சொன்னது

முள்கரண்டி தட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிடும். மறுகை கோட்டின் உள்பைக்குள் நுழைந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை வெளியே எடுக்கும். கண்ணாடி மூக்கில் ஏறும். சுட்டுவிரல் மேலிருந்து கீழே ஊர்ந்து ஓரிடத்தில் நிற்கும். "ம்ஹும். சிவப்பு." முள்கரண்டி மேசைக்கு இறங்கும். சமைத்தவரின் முகமும் கூடவே இறங்கும்.

வாசகரே, இவர்தான் ரத்த ரிப்போர்ட்காரர். சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கிற சாமானியரோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள். விரலைக் குத்திச் சில சொட்டைத் தபாலில் அனுப்பி, தன் ரத்தம் எந்தெந்தச் சாப்பாட்டுக்கு எதிராகப் படை திரட்டி வைத்திருக்கிறது என்று ஆய்வகத்தில் கேட்டு வாங்கியவர் இவர். பச்சை என்றால் நண்பன், மஞ்சள் என்றால் சந்தேகக் கேஸ், சிவப்பு என்றால் ஜென்ம விரோதி.

ஜெர்மனியின் ரொய்ட்லிங்கன் ஊரில் இந்த இனத்துக்கு எக்கெஹார்ட் ஹேபர்லே என்று பெயர். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஞானஸ்நான விருந்தோ, சாவு வீட்டுக் காப்பியோ, பேருந்து நிறுத்தமோ, இரண்டு காதுகள் கிடைத்தால் போதும். ஒரு தட்டில் பல்லாங்குழி மாதிரி குட்டிக் குழிகள் இருப்பதையும், ஒரு குழியில் கோதுமைச் சத்து, ஒன்றில் முட்டை, ஒன்றில் பால் என்று ஒட்டி வைத்திருப்பதையும், அதன்மேல் ரத்தத்தின் தெளிநீரை விடுவதையும், ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் தன் எதிரியைக் கண்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதையும், பிறகு கழுவிச் சாயம் ஊற்றினால் பிடி வலுத்த குழி கருத்துப்போவதையும் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார். ஆய்வகத்தை அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதனாலென்ன?

அவர் மனைவி ரோஸ்வித்தாவுக்கு இந்தக் குழிகள் விளையாட்டாக இல்லை. முட்டை தாராளமாக உடைத்துப் பிசைந்த மாவை மரப்பலகையில் தேய்த்து, கொதிக்கிற தண்ணீருக்குள் கத்தியால் மெல்லிசாகச் சீவிவிடும் ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸில் அந்தத் தெருவே அவளுக்குப் பின்னால்தான். முப்பது வருடமாக அதையும் பயறுக் குழம்பையும் வைத்துத்தான் அந்த வீடு நடந்தது. ரிப்போர்ட்டில் கோதுமை சிவப்பு. முட்டை சிவப்பு. பயறு சிவப்பு. நண்டும் அன்னாசியும் பளிச்சென்று பச்சை. அவற்றை அவள் வாங்கியதே கிடையாது.

"அப்போ முப்பது வருஷமா உனக்கு விஷமா வச்சேன்?"

"நான் சொல்லல, ரோஸி. ரத்தம் சொல்லுது."

"ரத்தம் சொல்லுதாம்! மூணு தடவ போட்டுக்கிட்டப்போ ரத்தம் எங்க போச்சு?"

அன்று முதல் அவருக்குத் தனிப் பானை, தனி அலமாரி, சாம்பல் நிறத்தில் பக்வீட் என்றொரு தானியத்தில் கஞ்சி. அவள் பலகை ஆணியில் தொங்கியது. அந்தப் பக்கம் பார்க்காமலே அவள் அடுப்படியைக் கடப்பாள். வாய்விட்டு அழுகிறவள் இல்லை. பாத்திரம் கழுவும்போது குழாயை அதிகமாகத் திறந்துவிடுவாள், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. சிவப்பு அப்படியே இருந்தது. முட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் கருத்திருந்தது. எக்கெஹார்ட் துவண்டாரா? தலை நிமிர்ந்தார். "பாத்தியா! விட்டு ஆறு மாசமாகியும் இறங்கல. அவ்வளவு ஊறிப்போச்சு உன் சமையல்!" இதற்கு மருந்து கேட்க அவளையும் இழுத்துக்கொண்டு டாக்டர் மோஸரிடம் போனார்.

டாக்டரம்மா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஹெர் ஹேபர்லே, இது வியாதிப் பட்டியல் இல்ல. எதை அடிக்கடி சாப்பிடுறீங்களோ அதுக்கு ரத்தத்துல எதிர்ப்பொருள் உண்டாகும். எல்லாருக்கும் உண்டாகும். இந்த முதல் தாள் என்ன தெரியுமா? உங்க வீட்டுச் சாப்பாடு. சாப்பிடறத நிறுத்தினா இது பொதுவா இறங்கணும்."

"நிறுத்திட்டேனே!"

"இறங்கலையே."

ரோஸ்வித்தா மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"எக்கெஹார்ட். எங்க சாப்பிடுற?"

எதிரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை அவர் ஆழ்ந்து படித்தார்.

"கேக்கறேன்ல."

"கால்பந்து சங்கத்துக் கேண்டீன்ல... எப்பவாவது."

"எப்பவாவதுன்னா?"

"திங்கள், புதன், வெள்ளி." குரல் இறங்கியது. "அங்க ஷ்பெட்ஸ்லே நல்லாருக்கு, ரோஸி. வயித்த ஒண்ணுமே பண்றதில்ல."

சாப்பாட்டை விட்டதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். இன்னொருத்தியின் ஷ்பெட்ஸ்லேயை மெச்சியதை எப்படி மன்னிப்பது? என்ன நினைத்தாளோ, பாதி எழுந்தவள் திரும்ப உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். டாக்டர் தண்ணீர் கொடுத்தார். காரணத்தை அவள் சொல்லவில்லை. மறுநாள் பலகை ஆணியிலிருந்து இறங்கியது. எக்கெஹார்ட் தாளை எடுக்காமல் மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டில் வைத்த தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு இது ஒத்துக்காது" என்று சொன்ன வாயோடு தெருமுனைக் கடையில் அதையே வாங்கி நின்றபடி தின்ற நாள் உங்களுக்கு உண்டா? அப்படியானால் உங்கள் கோட்டுப் பையையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேண்டீன் நடத்துகிற டிராவ்டல் பிற்பாடு சொல்லித்தான் இது தெரிந்தது: வீட்டில் சாப்பிட ஆளில்லாமல் போன அந்த ஆறு மாதமும், திங்கள், புதன், வெள்ளி காலைகளில் பின்வாசல் வழியாக வந்து கேண்டீனுக்கு ஷ்பெட்ஸ்லே சீவிக் கொடுத்துவிட்டுப் போனவள் ரோஸ்வித்தாதான்.