அசையாத அயனி மரம்

உலகத்தில் அசையாதவை என்று பெரியோர் சொன்னவை இரண்டு: மேரு மலை, துருவ நட்சத்திரம். கொல்லம் 1111-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துத் தடி இலாகா அந்த வரிசையில் ஓர் அயனி மரத்தையும் சேர்த்து வைத்தது.

மேட்டில் நிற்கும் மரத்தில் இரும்பு வடத்தைக் கட்டி, அடிவாரம்வரை இழுத்து, வெட்டிய மரத்தடிகளை அதில் தொங்கவிட்டு இறக்குவது அப்போது வந்த புது நாகரிகம். காட்டுக்குப் போனால் அட்டை கடிக்கும். ஆகவே பெரிய அதிகாரிகள் கண்டுகளிக்க, தம்பானூர்ப் பக்கம் ஆபீஸ் இருந்த மேட்டிலேயே பரீட்சை ஏற்பாடாயிற்று. பாரம் முழுவதும் அங்கே நின்ற அயனியின் தலையில்.

மரத்துக்கு "உறுதி சர்ட்டிபிகேட்" எழுதும் பாக்கியம் குமாஸ்தா பட்டாபிக்கு. ஸ்ரீவராகத்துக்காரர், எதையும் நேரில் பார்த்துவிட்டு எழுதும் கெட்ட பழக்கம் உள்ளவர். போய்ப் பார்த்தார். போன மாதம் ஓடை வெட்டியவர்கள் ஒரு பக்கத்து வேரையெல்லாம் நறுக்கிப் போட்டிருந்தார்கள். ஓடிப்போய்ச் சூப்பிரண்டு அழகியநம்பியிடம் சொன்னார்.

"ஸார், வேர் பாதி இல்லை."

"வேரு எங்க ஓய் இருக்கு?"

"மண்ணுக்குள்ளே."

"மண்ணு ஓடை வெட்டுக டிபார்ட்மென்டுக்கு உள்ளது. நமக்குத் தரைக்கு மேலதான். மேல வல்ல கொறச்சலும் உண்டா?"

"மேலே ஒண்ணும் குறைச்சல் இல்லை, ஸார்."

"பின்னே எழுதும்! கையெழுத்துப் போடுத நான் பெரிய ஆளுக பக்கத்துல இருக்கணும். எழுதுன நீர் மரத்தடியில நில்லும். அப்பத்தான் பாக்கவங்களுக்கு ஒரு விசுவாசம் வரும்."

வீட்டில் மனைவி நாகலக்ஷ்மிக்கு இந்தக் கௌரவம் விளங்கவில்லை.

"முடியாதுன்னு சொல்லிட்டு வாங்கோன்னா."

"சொன்னா வேலை போயிடும்டீ."

"நின்னா நீங்களே போயிடுவேளே!"

வேலையா உயிரா என்று இரண்டு நாள் யோசித்து, பட்டாபி கோட்டும் தலைப்பாகையுமாகப் போய் நின்றார்.

கீழே பந்தல், பந்தலில் அதிகாரிகள். மேலே, சந்தனம் பூசி மாலை போட்ட மரம். அதன் அடியில் மாலை இல்லாத பட்டாபி. முதல் தடியை வடத்தில் ஏற்றினார்கள். வடம் விறைத்தது. மரத்தின் மறுபக்கத்தில் பூரி உப்புவதுபோல் மண் எழும்புவதைப் பட்டாபி பார்த்தார். பயந்துபோனார், பாவம். விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். அவர் நின்ற இடத்திலேயே மரம் சாய்ந்தது. ஓட்டத்தில் நழுவிய தலைப்பாகை மட்டும் உத்தரவை மீறாமல் அங்கேயே கிடந்து நசுங்கியது.

இலாகா சும்மா இருக்குமா? உடனே விசாரணை. விசாரணை அதிகாரி, நடுநிலைமைக்குப் பேர்போன அழகியநம்பி.

"எதுக்கு ஓடினீர்?"

"மரம் விழுந்துது, ஸார்."

"விழுந்த பொறவா ஓடினீர், முந்தியா?"

"முந்தி."

"அப்போ நீர் ஓடும்போ மரம் நின்னுட்டுத்தான் இருந்து! நிக்குத மரத்தை விட்டு ஓடுனா இலாகாவுக்கு என்ன மதிப்பு ஓய்?"

மறுநாளே தீர்ப்பு வந்தது. தரைக்கு மேல் பழுதில்லாததால் மரத்தின்மேல் குற்றமில்லை. மரத்தின்மேல் குற்றமில்லாததால் கையெழுத்துப் போட்டவர்மேலும் குற்றமில்லை. இலாகாவின் வார்த்தையை நம்பாமல் ஓடிய குமாஸ்தாவுக்கு மட்டும் வேலை நீக்கம்.

எவ்வளவு நியாயமான இலாகா! பட்டாபி அன்றைக்கு அசையாமல் நின்று செத்துப் போயிருந்தால், அவர்மேலும் ஒரு குற்றமும் சொல்லியிருக்காது.