பால் குடித்து இளைத்த பிள்ளைகள்

தினமும் பால் கொடுத்துப் பிள்ளைகளை இளைக்க வைத்த பெருமை இந்த உலகத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு. அடியேன்தான் அது. மாட்டின் மேலும் குற்றமில்லை, பால்காரர் மேலும் குற்றமில்லை. முழுக்க முழுக்கக் கணக்குப் படித்ததால் வந்த வினை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கணிதத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, கோயமுத்தூரில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். 'சராசரி' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் புல்லரிக்கும். (மற்ற வாலிபர்களுக்கு வேறு எதற்கெல்லாமோ புல்லரித்தது.) அப்போது ஒரு டாக்டர், பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதிய ஊட்டம் இருக்கிறதா என்று ஆராயப் புறப்பட்டு, என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகளை எடை போடவேண்டும். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மட்டும் மத்தியானம் பால் தரவேண்டும். சில மாதம் கழித்து மறுபடி எடை போட்டு, இரண்டு கூட்டத்தின் சராசரியையும் ஒப்பிடவேண்டும். பால் செலவு ஒரு மில் முதலாளியுடையது. பால் குடித்தவர்கள் தேறியிருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பால், எனக்கு நிரந்தர உத்தியோகம். இல்லையென்றால் இரண்டும் கிடையாது.

நான் என்ன செய்தேன்? "பிள்ளைகள் எப்படி வளர்ந்திருக்கிறார்கள் என்று நிறுத்துப் பார்க்க வருகிறோம்" என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். வருஷம் தவறாமல் காளைகளைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவி மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப்போகிற ஊர் அது. இதைவிடத் தெளிவாக அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது.

போய் இறங்கினால் திருவிழா! பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கம்பஞ்சோறும் தயிருமாகத் தொண்டைவரை நிரம்பி, மூச்சு வாங்க நின்றார்கள். இடுப்பில் வெள்ளி அரணாக்கொடி, காலில் தண்டை, கையில் காப்பு. (பாதி நகை பக்கத்து ஊர் சொந்தக்காரர்களிடம் இரவல்.) பஞ்சுக் கிடங்கிலிருந்து கொண்டுவந்த தராசு முனகியது.

"அரணாக்கொடியைக் கழற்றிவிடலாமே" என்றேன், விஞ்ஞானியின் கம்பீரத்தோடு.

ராமாத்தாள் என்ற தாய் பதறிப்போய்விட்டார். "ஏனுங்க, என்ன இப்பிடிச் சொல்லிப்போட்டீங்க! வெறும் இடுப்போட நிக்கறது புள்ளைக்கு ஆகுங்களா?"

ஆகாதுதான். வெள்ளியையும் சேர்த்துப் பிள்ளையின் எடையாகவே எழுதிக்கொண்டேன்.

மாதங்கள் ஓடின. பால் ஓடியது. இரண்டாம் எடை நாள் வந்தது. பால் குடித்த பிள்ளைகள் சுவரில் சாய்ந்து சுருண்டு கிடந்தார்கள். இடுப்பில் வெறும் கறுப்புக் கயிறு. பால் கிடைக்காதவர்களோ ஏப்பம் விட்டுக்கொண்டு ஜொலித்தார்கள். இதையெல்லாம் பார்க்க எனக்கு ஏது நேரம்? என் கண் தராசு முள்ளிலேயே இருந்தது.

கூட்டிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன். பால் குடித்தவர்கள் இளைத்திருந்தார்கள், குடிக்காதவர்கள் தேறியிருந்தார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் எவனும் கண்டறியாத உண்மையல்லவா? லண்டனுக்குக் கூப்பிட்டால் எந்தக் கோட்டைப் போட்டுக்கொள்வது என்றுகூட யோசித்தாகிவிட்டது. (இருந்தது ஒன்றுதான். அதற்கும் பித்தான் கிடையாது.)

சாயங்காலம் டாக்டரும் முதலாளியும் வந்தார்கள். பெற்றவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் எழுந்து, தொண்டையைச் செருமி, "பால் பிள்ளைகளை இளைக்க வைக்கிறது" என்று முழங்கினேன்.

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். முதலாளி எழுந்தார். "அப்ப நான் காசு குடுத்துப் புள்ளைங்கள எளைக்க வெச்சிருக்கறனுங்களா? நாளையிலிருந்து பாலை நிறுத்திப்போடுங்க."

முன்வரிசைப் பிள்ளைகள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். லண்டன் மறந்துபோயிற்று. அவர்கள் பாலையும் என் பிழைப்பையும் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அப்போது ராமாத்தாள் எழுந்தார். "இது என்ன நாயமுங்க மொதலாளி? புள்ள தேறிட்டாப் பாலை நிறுத்திப்போடுவாங்கன்னு ஊருல பேசிக்கிட்டாங்க. அதனால நேத்து வெளக்கெண்ணெய் ஊத்தி, இன்னிக்குப் பட்டினி போட்டு, வெள்ளியக் கழட்டிக் கயித்தக் கட்டிக் கூட்டியாந்தேனுங்க. தேறினாலும் நிறுத்துவீங்க, எளைச்சாலும் நிறுத்துவீங்கன்னா, எம்புள்ள என்ன எடைதானுங்க இருக்கோணும்?"

பால் கிடைக்காத பிள்ளையின் தாய் ஒருவரும் விடவில்லை. "நாங்க வவுறு நெறைய ஊட்டித்தானுங்க கூட்டியாந்தோம். பாலு குடுக்காட்டி எம்புள்ள கொறஞ்சா போயிட்டான்?"

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். தலைப்பாகை சரியச் சரியச் சிரித்தார். "எல்லாப் புள்ளைங்களுக்கும் ஊத்துங்க. கணக்கை அப்பறம் பாத்துக்கலாம்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

டாக்டர் மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நீங்கள் பிள்ளைகளைப் பார்த்தீர்களா, இல்லை முள்ளை மட்டும்தானா?"

"முள் ரொம்பத் துல்லியமாக இருந்தது சார்" என்றேன். (இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

மறுநாள் கணக்கு வேலை வேறொருவருக்குப் போயிற்று. என் கையில் பால் ஊற்றும் அகப்பையைக் கொடுத்தார்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிள்ளைகள் மீசையாகப் பாலை ஒட்டிக்கொண்டு மறுபடி டம்ளரை நீட்டினால், சராசரியைப் பற்றி யோசிக்காமல் ஊற்றினேன்.

பிறகு பெண் பார்க்க உடுமலைப்பேட்டைக்குப் போனால், இந்தக் கதை எனக்கு முன்னாலேயே போய் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தது. அப்படியும் அவள் சம்மதித்தாள். இன்றைக்கும் நான் பத்திரிகையை விரித்து, "இத்தனை சதவீதமாம்!" என்று வாய் திறந்தால் போதும், அடுக்களையிலிருந்து குரல் வரும்:

"ஏனுங்க, மொத நாளு வெளக்கெண்ணெய் குடிச்சாங்களான்னு கேட்டாங்களாமா?"