பின் சீட்டுக்கு எந்த புஷ்?

ஒரு காட்டில், மினிபஸ்கூட எட்டிப் பார்க்காத மேட்டுப் பக்கத்தில், பூவரசி என்றொரு முள்ளம்பன்றி தன் மூன்று பிள்ளைகளோடு குடியிருந்தாள். பிள்ளைகளின் பெயர் ஊசி, குத்தூசி, கோணூசி. பெயருக்கேற்ற முதுகு, முதுகுக்கேற்ற குணம்.

பள்ளிக்கூடம் ஓடையைத் தாண்டி இருந்தது. தினமும் காலையில் மூன்றையும் பழைய காரின் பின் சீட்டில் அடைத்துக்கொண்டு பூவரசி கிளம்புவாள். அங்கே கேட் காவலுக்கு ஓர் ஆமை. முதல் மணிக்கு மூடத் தொடங்கினால் இரண்டாம் மணிக்கு மூடி முடிக்கும். திறக்கச் சொன்னால் திறக்கும்தான், அதற்குள் மத்தியானச் சோறு முடிந்துவிடும்.

இப்படி இருக்கையில் காரில் ஒரு சத்தம் வந்தது. பள்ளத்தில் இறங்கினால் கடக், ஏறினால் முடக். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஊசி குத்தூசியைக் குத்த, குத்தூசி கோணூசியைக் குத்த, கோணூசி சீட்டைக் குத்தும். பள்ளிக்கூடம் வரும்போது மூன்றும் அழுதுகொண்டிருக்கும். பின் சீட்டில் புதிதாகப் பத்து முள் நட்டுக்கொண்டு நிற்கும்.

உடும்பு மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டுத் தலையை நீட்டினான்.

"அக்கா, புஷ் போயிடுச்சு. சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற இரும்புக் கைக்கு மூட்டுல மெத்தை மாதிரி இருக்குமே, அதுதான். முன்னாடி பின்னாடி எல்லாமே காலி."

மூன்று வகை புஷ்ஷை எடுத்து வந்து சாக்கில் பரப்பினான். ஒன்று ரப்பர். ஒன்று பாலி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக், மஞ்சள் நிறத்தில் மின்னியது. மூன்றாவது எந்த ஊர்ச் சரக்கு என்று அவனுக்கே தெரியாது.

தன் வண்டிக்காகக் காத்திருந்த சிறுத்தை, கேட்காமலே வாயைத் திறந்தது. "தங்கச்சி, கண்ணை மூடிக்கிட்டு பாலியைப் போடு. கல்லு மாதிரி நிக்கும். வளைவுல நூறுல போனாலும் வண்டி அசையாது."

"நூறுல போனா பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போயிடுவேண்ணே."

சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லாதவள் பூவரசி. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பல்லில் வைத்துக் கடித்தாள். ஊர் தெரியாத சரக்கு, போன வருஷத்து முறுக்கு மாதிரி உதிர்ந்தது. பாலி கடித்ததில் கடைவாய்ப் பல் ஆடிப்போனது. ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்து, பழையபடி எழும்பி வந்தது.

"இதைப் போடு தம்பி. தினம் போற வண்டி. பிள்ளைங்க குலுங்காம போனா போதும்."

"போடறேன். ஆனா பல்லு பட்ட பாலியை நான் யாருக்குக்கா விக்கிறது? அந்த செட்டையும் எடுத்துக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே அதையும் வாங்கி டிக்கியில் எறிந்தாள். சீட்டில் நட்டுக்கொண்டிருந்த முட்களைப் பிடுங்க நேரமில்லாமல், மேலே ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டாள்.

மறுநாள் கார் எண்ணெயில் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் தூங்கிவிட்டன. நல்ல பொருளை நாலையும் பார்த்து எடுத்தவளுக்கு நல்லதே நடந்தது என்று கதையை இங்கேயே முடித்திருக்கலாம். காடு விடவில்லை.

வளைவில் கரடி கையைக் காட்டியது. "உன் வண்டி தொட்டில் மாதிரி போகுதாமே பூவரசி? என்னைத் தேனடைகிட்ட இறக்கி விட்டுடு."

ஓடைக்கரையில் காட்டுப்பன்றி அத்தை நின்றாள். "கொஞ்சம் தள்ளி உக்காரு கரடி. ஏம்மா, அப்படியே கிழங்குக்காட்டுப் பக்கமா ஒரு திருப்பு திருப்பிக்கோயேன்."

இது தினசரி ஆயிற்று. பெரியவர்கள் பின் சீட்டில் குறட்டை விட, பிள்ளைகள் மூன்றும் முன் சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. முடியாது என்று சொல்லலாம்தான். ஆனால் கரடி வீட்டுக் காதுகுத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கணக்குப் பரீட்சையன்று தேனடை, கிழங்குக்காடு எல்லாம் சுற்றி வந்தபோது ஆமை தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து தலைமையாசிரியை கொக்கு கழுத்தை நீட்டிச் சொன்னாள்: "நாளைக் காலையில மறுபரீட்சை. அதுக்கும் லேட்டுன்னா மூணு பேருக்கும் அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்மா."

ஊசிக்கும் குத்தூசிக்கும் கோணூசிக்கும் அதில் ஒரு வருத்தமும் இல்லை. பூவரசிதான் வண்டியை நேரே உடும்பிடம் விட்டாள்.

"தம்பி, முன்னாடி ரப்பர் அப்படியே இருக்கட்டும். டிக்கியில பாலி கிடக்கு. பின்னாடி மட்டும் அதை மாட்டு."

"பின்னாடி உக்காருறவங்களுக்கு முதுகெலும்பு மூளைக்கு வந்துடும்க்கா."

"மாட்டுன்னா மாட்டு."

காலையில் முன் சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பெல்ட்டைப் போட்டாள். பின் சீட்டுச் சாக்கை உதறித் துவைக்கப் போட்டாள்.

கரடியும் அத்தையும் வழக்கம்போல ஏறினார்கள். முதல் பள்ளம் வந்தது. முன்னால் மூன்றும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போக, பின்னால் இரண்டு பேர் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். கீழே முட்கள் காத்திருந்தன.

"நிறுத்தும்மா," என்றது கரடி, நாலு காலில் இறங்கிக்கொண்டே. "நடந்தாதான் சுகர் குறையும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எனக்கும் மூட்டுக்கு நடக்கிறதுதான் நல்லது," என்றாள் அத்தை, பின்பக்கத்தைத் தடவியபடி.

"அட, ஏறிக்குங்க அத்தை, கிழங்குக்காடு வரைக்கும்தானே," என்று பூவரசி மனசார உபசரித்தாள். அத்தை அதற்குள் புதருக்குள் போய்விட்டாள்.

அன்று ஆமை கேட்டைத் தொடுவதற்கு முன்பே பிள்ளைகள் உள்ளே இருந்தன. திரும்பும் வழியில் சிறுத்தை வண்டியை மறித்துப் பல்லைக் காட்டியது.

"கடைசியில நான் சொன்ன பாலியைத்தானே போட்ட?"

"ஆமாண்ணே. உங்க யோசனைதான்," என்று பூவரசி பின் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்க, ஒரு ரவுண்டு போலாம்."

நீதி: காருக்கு புஷ் வாங்குகிறவர்கள் முன்பக்கத்துக்குப் பாதையைப் பார்த்து வாங்குக, பின்பக்கத்துக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்து வாங்குக.