பின்னறைக்கு ஓர் ஆராய்ச்சி

வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பின்னறை. அதைத் தன் வாசிப்பறை ஆக்கியே தீருவது என்று பேராசிரியர் சபதம் எடுத்தார். மனைவிக்கோ தையல் மெஷின் போட இடம் வேண்டும். நேராகக் கேட்டால் என்ன நடக்கும் என்று இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா? ஆராய்ச்சி செய்தே வாங்கிவிடுவது என்று இறங்கினார். இது எந்த ஊர் புத்தியோ!

கல்லூரியில் அவர் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். ஆட்களைப் பேட்டி எடு, பேச்சை வரி வரியாகப் பிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு போடு, ஒத்ததை எல்லாம் சேர்த்தால் கருப்பொருள் தானாக எழுந்து வரும்.

மனைவி, மாமியார், எதிர்வீட்டம்மா மூவரையும் பேட்டி எடுத்தார். பேச்சைத் துண்டு துண்டாக வெட்டிச் சுவரெல்லாம் ஒட்டினார். கருப்பொருள் எழுந்தது: 'இவருக்குத் தனியறை அவசியம்.'

"என்னங்க இது, குறி சொல்றவங்க மாதிரி சீட்டு சீட்டா?"

"குறி இல்லைம்மா, குறியீடு. உங்கம்மா சொன்னதைப் பாரு. 'உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டார்.' குறியீடு, ஆழ்ந்த கவனம்."

"சோம்பேறித்தனம்."

"எதிர்வீட்டம்மா, 'அவர் வீட்ல இருக்கறதே தெரியாது.' அமைதி நாட்டம்."

"ஒரு வேலைக்கும் உதவ மாட்டார்னு அர்த்தம். அது சரி, 'மெஷின் போட இடமில்லை'ன்னு நான் புலம்பினேனே, அது எங்க?"

"அது... ஓரமா, 'இதர'ன்னு போட்டிருக்கேன்."

"இதரவா? நானா?" இடுப்பில் கை வைத்தாள். "ஒரே ஆள் குறியீடு போட்டா தன் பக்கமே சாயும், ரெண்டாவது ஆளும் தனியாப் போட்டுப் பாக்கணும்னு ஃபோன்ல காலேஜ் பிள்ளைங்களைத் திட்டுவீங்களே, அந்த ரெண்டாவது ஆள் யாரு?"

பேராசிரியர் பேனாவைச் சட்டைப் பையில் செருகப் போனார். அதற்குள் பேனா அவள் கைக்குப் போய்விட்டது. ஆழ்ந்த கவனத்தை அடித்தாள். அமைதி நாட்டத்தை அடித்தாள். இதரவை நடுச்சுவரில் கொண்டுபோய் ஒட்டினாள்.

"உங்களுதும் என்னுதும் ஒத்துப்போகலையே, இப்ப என்ன பண்ணணும்?"

"ஒத்துப்போற வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்து பேசணும்" என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பேசலாமே!"

பொழுது சாய்வதற்குள் பேசி முடித்தார்கள். பேசியது ஒருவர், முடிந்தது இன்னொருவர்.

பின்னறையில் தையல் மெஷின் கடகடக்க, சமையலறை மேடையில் காகிதத்தை வைத்துப் பேராசிரியர் ஆய்வின் கடைசி வரியை எழுதினார்: 'குறியீட்டாளர்கள் இருவரும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போயினர்.'