வாயை மறைத்த அட்டை

ஒகையோ மாநிலத்துக் கிரேவல்டன் நகரின் கால்பந்து அணி அந்தப் பருவத்தில் பதினான்கு ஆட்டங்கள் தோற்றது. பதினைந்தாவது ஆட்டத்தில் கொட்டோ கொட்டென்று மழை. அமெரிக்கக் கால்பந்து மழைக்கெல்லாம் நிற்காது என்பதால் அதையும் தோற்றது.

மறுநாள் அணியின் முதலாளியம்மா லோரெட்டா, பயிற்சியாளர் வெர்ன் ஹாஸ்கெல்லைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போகப்போகிறதென்று வெர்னுக்கு வயிற்றைக் கலக்கியது. மைதானத்தில் எதிரணி தன் உதட்டசைவைப் படித்துவிடாதபடி, வியூகம் எழுதிய அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவது அவர் வழக்கம். பதற்றத்தில் இங்கேயும் மறைத்துக்கொண்டார்.

"ஏன் தோத்தீங்க, வெர்ன்?"

"எனக்கே தெரியலையே மேடம்," என்று அட்டைக்குள் முனகினார்.

முதலாளியம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "பாத்தியா டூயேன், மனுஷன் ஏதோ ரகசியம் வச்சிருக்காரு!"

"ஆழமான ஆளு மேடம்," என்றார் விளம்பர அதிகாரி டூயேன். "இவரப் போயி மைதானத்துல நிக்க வச்சு வீணாக்கிட்டோமே!"

மேற்படி ஆழத்தை முன்னிட்டு, வெர்ன் நிர்வாகத் துணைத்தலைவராக உயர்த்தப்பட்டார். ஒரே வாரத்தில் அலுவலகம் முழுக்க அட்டை பரவிவிட்டது. தொலைபேசி எடுக்கும் பெண்கூட அட்டைக்குப் பின்னாலிருந்துதான் வணக்கம் சொன்னார். கூட்டங்களில் பதினொரு பேர் முணுமுணுத்துத் தீர்மானங்களை ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அவற்றில் ஏதோ ஒன்றால் அணியின் ஒரே நல்ல ஆட்டக்காரர் எதிரணிக்குப் போய்ச் சேர்ந்தார். அது எந்தத் தீர்மானம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்த பருவமும் அதே கதி. கடைசி ஆட்டத்துக்கு அறுபதாயிரம் பேர் திரண்டார்கள். வெர்னை விரட்டாமல் வீடு திரும்புவதில்லை என்று சபதம். மேலே கண்ணாடி அறையில் முதலாளியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்ன், வெளியேறும் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டார்.

ஆனால் ஊருக்கே அட்டைப் பித்து பிடித்திருந்தது. வாசலில் ஆளுக்கொன்று வாங்கியிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அறுபதாயிரம் பேரும் எழுந்து, அட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்கள். மேலே ஏதோ கொசு ரீங்கரிப்பதுபோல் கேட்டது.

முதலாளியம்மா கண் கலங்கினார். "ஒரு வசவு உண்டா? என்ன தங்கமான சனங்க!"

"பரிபூரண திருப்தி மேடம்," என்று எழுதிக்கொண்டார் டூயேன்.

வெர்ன் அங்கேயே, அப்போதே, ஐந்தாண்டுகளுக்கு நிர்வாகத் தலைவராக நியமிக்கப்பட்டார். நன்றி சொன்னார். என்ன சொன்னார் என்பது யாருக்கும் கேட்கவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்கு அவர் நடந்தபோது, தொண்டை கட்டிய இரண்டு ரசிகர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"உயிரைக் கொடுத்துக் கத்தினோமே மாப்ளே, ஒருத்தன் காதுலயாவது விழுந்துச்சா?"

"எப்படி விழும்? நம்ம அட்டை சின்னது. கடையில பெருசு வந்திருக்காம். வா, வரிசை நீளறதுக்குள்ள போயி நிப்போம்."

வெர்னுக்கு அன்றுதான் வயிறு முழுசாகச் சரியானது.