பஞ்சு டாக்டரின் கத்தரி

வண்ணார்பேட்டையில் எங்கள் பஞ்சு டாக்டரைப் போல ஒரு கஞ்சர் முன்பும் பிறக்கவில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. மருந்துப் பெட்டி கட்டிவந்த சணலைக்கூடச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

தொண்ணூறுகளில் என் பித்தப்பையில் கல். வயிற்றைக் கிழிக்காமல் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே வெட்டியெடுக்கும் ஆபரேஷன் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. முதலில் போன ஆஸ்பத்திரியில், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கருவிகள் என்று பெரிய தொகை சொன்னார்கள். எங்கள் ஊர் ஏரலில் நான் வளர்த்த எருமையை விற்றால்தான் ஆகும். அது சாதாரண எருமையா? என் குரல் கேட்காமல் பால் இறக்காது. வீட்டுக்காரர் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அதனால் பஞ்சு டாக்டரிடம் வந்தோம். அவருடையவை கழுவி, அவித்து, மறுபடி மறுபடி பயன்படுத்தும் ஸ்டீல் கருவிகள். நீளக் கத்தரியின் தண்டில் கறுப்பு உறை. வெட்டும் இடத்தைச் சுட்டு ரத்தத்தை நிறுத்த உள்ளே கரண்ட் ஓடும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்னும் அந்த உறைமேல் பஞ்சைப் பையப் பைய இழுப்பார். கீறல் இருந்தால் பஞ்சு சிக்கும். பெயர் அப்படி வந்தது.

ஆபரேஷன் அன்று காலை, பச்சை உடுப்போடு என் கட்டிலுக்கே வந்துவிட்டார். கையில் கத்தரி, உறையில் ஒரே ஒரு இழை பஞ்சு. பிள்ளையைப் பறிகொடுத்தவர் முகம்.

“சிக்கிட்டு, பாத்தியாம்மா. இது வழியா கரண்டு கசிஞ்சா உன் குடலு வெந்துபோவும். இவன் இனி வேலைக்கு ஆவமாட்டான்.”

எனக்குக் குடல் ஞாபகமே வரவில்லை. “அப்ப எருமைய வித்துர வேண்டியதுதானா ஐயா?”

எந்த எருமை என்று விழித்தார். வீட்டுக்காரர் விவரம் சொன்னார்.

“அது அங்கனயே நிக்கட்டும். கத்தரி கெட்டது என் பாடு.”

தூக்கிப்போடும் கத்தரி ஒன்றை ஆள் விட்டு வாங்கிவரச் செய்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கத்தரியின் விலை மட்டும் பில்லில் ஏறவே இல்லை.

மறுநாள், எனக்காக வாங்கிய அந்தத் தூக்கிப்போடும் கத்தரியோடு வந்தார். வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. “புதுசாட்டம் இருக்குல்லா ஐயா. கழுவி இன்னொருத்தருக்கு ஆவாதா?”

“குப்பையில போட்டா, இப்படி நினைச்சுத்தான் எவனாவது எடுப்பான் வே. இதுக்கு உள்ள கழுவ வராது. உன் வீட்டுக்காரி அழுக்கு இன்னொருத்தி வயித்துக்குள்ள போவணுமா?”

சணலை எறியாத அந்தக் கை கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மடக்கென்று ஒடித்தார்.

எருமை அடுத்த கன்று போட்டதும் சீம்பால் கொண்டுபோனேன். தூக்குச்சட்டியைக் கழுவி, மூடியைக் கட்ட ஒரு துண்டுச் சணலும் போட்டுக் கொடுத்தார்.

இப்போதும் குளிக்கும்போது அந்தச் சின்னத் தழும்புகளில் கை பட்டால், மடக்கென்ற அந்தச் சத்தம் கேட்கும். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.